நெல்லுச்சோறும் குதிரைவாலிப் பொங்கலும்



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத வாத்தியார் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. ஆகவே ஆற அமர, கையில் காபியோடு படியுங்கள். காபியில் சர்க்கரை வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் பேசினான். வயது 41. குரலில் தெம்பே இல்லை. "சார், சாப்பிட்ட பிறகு பார்த்தா சர்க்கரை 280-ல நிக்குது. டாக்டர் ஒரு தாள் குடுத்திருக்காரு. பொங்கல் கூடாது, பூரி கூடாது, பரோட்டா கூடாது, தயிர் சாதம் கூடாது. அப்ப மனுஷன் எதைத்தான் சார் திங்கிறது? நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் இதைத் தின்னுதானே தொண்ணூறு வயசு இருந்தாங்க?"

அவனுக்கு மருத்துவம் சொல்ல நான் யார்? ஆனால் கடைசியில் அவன் கேட்டது வரலாற்றுக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவனுக்கு அன்று போனில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நம் பாட்டன் பூட்டன் இதைத் தின்னவில்லை. தொண்ணூறு வயது வரை எல்லோரும் இருக்கவும் இல்லை. 1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள்தான். பச்சிளம் பிள்ளைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி அவ்வளவு கீழே இருந்தது என்பது உண்மை. இருந்தாலும் "அந்தக் காலத்தில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லமாட்டேன்.

சரி, என்னதான் தின்றார்கள்?

நான் பிறந்தது 1954-இல், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊரில். மானாவாரி பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, கேப்பை, பருத்தி, உளுந்து, பாசிப்பயறு. நெல் விளைய எங்கள் ஊரில் தண்ணீர் கிடையாது. காலையில் கம்பங்கூழ், மத்தியானம் சோளச்சோறு, ராத்திரி கேப்பைக் களியோ குதிரைவாலிச் சோறோ. நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், கல்யாணம், கருமாதி. அல்லது யாருக்காவது காய்ச்சல் வர வேண்டும். காய்ச்சல் வந்தால் அரிசிக் கஞ்சி கிடைக்கும் என்பதற்காகவே நானும் என் தம்பியும் வெயிலில் நின்று நெற்றியைச் சுட வைத்துக்கொண்டு அம்மாவிடம் போய் நின்றிருக்கிறோம். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். கஞ்சி கிடைக்காது.

விருந்தாள் வந்துவிட்டால் அம்மா கம்பங்கூழ்ப் பானையை அடுப்பங்கரை மூலைக்குத் தள்ளி முறத்தால் மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு அரிசி கடன் கேட்க ஓடுவார். அந்த முறம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசிக்கு இந்த மரியாதை நேற்று வந்ததல்ல. ஐந்திணை நடத்தியபோது சொன்னது ஞாபகம் இருக்கிறதா? குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும் மூங்கிலரிசியும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும். பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சியிலிருக்கும் தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழியில் ஒவ்வொரு நிலத்திலும் ஒவ்வொரு சாப்பாடு. ஆயர் வீட்டில் தினைச்சோறும் பாலும், முல்லை நிலத்து உழவர் வீட்டில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும், மருதத்தில் வெண்ணெல் சோறும் கோழியும். 'தமிழர் உணவு' என்று ஒரே ஒரு சாப்பாடு என்றைக்கும் இருந்ததில்லை. நிலத்துக்கு ஒரு சாப்பாடு. ஆற்றுப் பாசனம் இருந்த இடத்தில் அரிசி, மற்ற இடத்தில் புன்செய்த் தானியம்.

பிறகு பேரரசுகள் வந்தன. வரி நெல்லாக அளக்கப்பட்டது. கோயிலில் சாமிக்குப் படைத்தது அரிசி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு எவ்வளவு பழவரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு பருப்பு, தயிர் என்று நாழி, உழக்குக் கணக்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சாமி சாப்பிடுவதும் ராசா சாப்பிடுவதும் அரிசி என்றால், புன்செய்க்காரன் பார்வையில் அரிசிதான் சாப்பாடு, மற்றதெல்லாம் வயிற்றை நிரப்புவது. இந்த எண்ணம் பல நூறு வருடம் ஊறியது. அம்மா பானையை முறத்தால் மூடியது அதனால்தான்.

இப்போது இட்லிக்கு வருவோம். இதைவிடப் பழைய பலகாரம் நமக்கு இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 920 வாக்கில் எழுதப்பட்ட 'வட்டாராதனே' என்ற கன்னட நூலில் 'இட்டலிகே' என்ற பெயர் வருகிறது. சுமார் 1130-இல் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த 'மானசோல்லாச'த்தில் 'இட்டரிகா' வருகிறது. அது உளுந்து மாவில் செய்தது. அரிசியைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை. நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போட்டு, ராத்திரி புளிக்க வைத்து ஆவியில் வேக வைக்கும் இன்றைய இட்லி அதற்குப் பின்னால் உருவானது. ரவா இட்லி இன்னும் புதுசு. இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையை வைத்துத் தாங்கள் கண்டுபிடித்ததாகப் பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்கிறார்கள். அதையும் இன்று நாம் ஏதோ பரம்பரைச் சொத்து போலச் சாப்பிடுகிறோம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? எந்தப் பலகாரமும் கல்லில் வெட்டியது அல்ல. கையில் என்ன தானியம் இருந்ததோ அதைப் போட்டார்கள். பெயர் மட்டும் நிலைத்தது. அதனால் பொங்கலில் அரிசியை மாற்றினால் பாட்டிக்குத் துரோகம் செய்ததாக ஆகாது. பாட்டி செய்ததே அதைத்தான்.

அடுத்தது அரைவை ஆலை. இந்தக் கதையில் பெரிய திருப்பம் இதுதான்.

நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குத்தினால் உமி போகும், தவிட்டில் ஒரு பங்கு அரிசியோடு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆலைகள் வந்தன. தவிடு மொத்தமும் போய் அரிசி முத்துப் போல வெளுத்தது. வெளுத்ததும் மதிப்புக் கூடியது. கூடவே பெரிபெரி என்ற வியாதி ஆசியா முழுக்கப் பரவியது. கால் வீங்கும், நரம்பு தளரும், இருதயம் நிற்கும்.

டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற மருத்துவர் இதற்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதே மாதிரி கால் தளர்ந்தது. பிறகு தானாகச் சரியானது. விசாரித்தால், இடையில் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் "ராணுவ அரிசி கோழிக்கா?" என்று மறுத்துவிட, பழைய தீட்டாத அரிசிக்கே கோழிகள் திரும்பியிருக்கின்றன. அந்தச் சமையல்காரரின் சிக்கனத்தால் ஒரு விஞ்ஞானம் பிறந்தது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருளைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம்.

இதில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. நீலகிரி குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தில் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒரே இன எலிகளைப் பிரித்து, இந்தியாவின் பல வட்டாரத்து மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே போட்டு வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் முதலிடம். வெள்ளை அரிசியை நம்பிய நம் சென்னை மாகாணச் சாப்பாடு தின்ற எலிகள் கடைசி இடம். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னால் நமக்கு வந்த மதிப்பெண் பட்டியல் அது. நாம் கையெழுத்துக் கூட வாங்காமல் மடித்து வைத்துவிட்டோம். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

அங்கே மெக்கரிசனுக்குப் பின் வந்த ஐக்ராய்டு கூட்டத்தார் இன்னொன்றையும் கவனித்தார்கள். பெரிபெரி சென்னை மாகாணத்தின் வடகோடியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்ற தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில்தான் அதிகம். ஆலை அரிசி தின்றும் தமிழ் மாவட்டங்களில் அவ்வளவாக இல்லை. காரணம் புழுங்கல். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. பி1 என்ற பெயரையே கேட்டிராத நம் பெண்கள் நெல் அவித்தே பல லட்சம் பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். புழுங்கலரிசியை மட்டமாகவும் பச்சரிசியை உசத்தியாகவும் பேசுகிற சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

1934-இல் காந்தி வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அதன் செயலாளராக இருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்தில் நம் பக்கத்து டி.கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், வெல்லம் என்று இன்று ஆர்கானிக் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோமே, அதையெல்லாம் அன்றே அவர்கள் வலியுறுத்தினார்கள். கைக்குத்தலைக் காப்பாற்ற 1958-இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமும் வந்தது. ஆனாலும் ஆலைதான் ஜெயித்தது.

ஏன் ஜெயித்தது என்றால் எனக்குத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா கம்பு குத்துகிற சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். அம்மாவின் உள்ளங்கை காய்த்துப் போய்ப் பலகை மாதிரி இருக்கும். உரலும் உலக்கையும் ஆரோக்கியம் என்று இன்று எழுதுகிறவர்கள் யாரும் குத்தியவர்கள் அல்ல. மாவு மில் ஊருக்கு வந்த அன்று அம்மா சாமி கும்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு இன்றும் ஒரு மறுப்பும் கிடையாது.

அடுத்து வந்த மாற்றமும் நல்லதற்குத்தான் வந்தது. 1960-களில் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். காமராசர் காலத்து மதிய உணவில் வளர்ந்த பிள்ளை நான். அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் சோள மாவு உப்புமாவின் வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது. 1966-இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. கிணறுகளில் மின்சார மோட்டார், மூட்டை உரம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது பெரிய பேச்சு. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2008-இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய், 2011-இல் விலையே இல்லை.

இதைக் குறை சொல்ல என்னால் ஆகாது. சத்துணவு வந்த புதிதில் நான் இளம் ஆசிரியர். மத்தியானத்துக்கு மேல் மயங்கி விழுகிற பிள்ளைகள் விழாமல் போனதைக் கண்ணால் பார்த்தவன். பசி பெரிய வியாதி. அதைத் தீர்த்தது அரிசி.

ஆனால் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. கம்பும் குதிரைவாலியும் காட்டைவிட்டுப் போயின. கூடவே பண்டிகைச் சாப்பாடு அன்றாடச் சாப்பாடாகிவிட்டது. வெண்பொங்கல் மார்கழியிலும் கோயிலிலும் கிடைத்தது. இன்று வாரம் மூன்று நாள். பூரி விருந்தாளுக்குச் செய்தது. இன்று ஞாயிறு தவறாமல். வருடத்துக்குச் சில தடவை தின்ன வேண்டியதை நாள்தோறும் தின்கிறோம். அன்று அந்தச் சோற்றைத் தின்றவன் பத்து மைல் நடந்தான், ஏர் பிடித்தான். இன்று நாம் நாற்காலியைவிட்டு எழுவதில்லை.

அதன் கணக்கு வந்துவிட்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம். சர்க்கரையின் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். 21 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்த இன்னொரு ஆய்வு 2020-இல் வந்தது. தினம் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு தின்பவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், அந்தக் கூடுதல் தெற்காசியாவில்தான் மிக அதிகம் என்றும் அது சொன்னது.

இனி என் வீட்டுக் கதை. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வெயிலில் நெற்றியைச் சுட வைத்துக்கொண்டு என்னோடு நின்ற தம்பிக்கு 46 வயதில் சர்க்கரை வந்தது. சொந்தங்களுக்கு அவனைத் தெரியும். மருத்துவர் சோற்றைக் குறைத்துக் கம்பு, கேப்பை சேர்க்கச் சொன்னார். அவன் மனைவி ஒருநாள் கம்பஞ்சோறு ஆக்கி வைத்தார். நானும் கூட இருந்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, நாம பட்டது பத்தாதா? இதைத் திங்கக் கூடாதுன்னுதானே அம்மா நம்மளப் படிக்க வச்சாங்க?"

அன்று என்னிடம் பதில் இல்லை. நான் வரலாற்று வாத்தியார். சங்க காலம் தொட்டுப் பேசுவேன். அவனிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவனுக்கு அது தானியம் இல்லை. முறம் போட்டு மூடிய பானை. அவன் மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்றான். அது அவன் சம்பாதித்த மரியாதை. கால் விரலில் புண் வந்தது, பிறகு பாதம் போனது, பிறகு சிறுநீரகம். 61 வயதில் போய்விட்டான். சாப்பாடு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையும் ஒழுங்காகப் போடவில்லை. ஆனால் அந்தத் தட்டு நகர்ந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அன்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. "கம்பைத் தின்னு" என்று சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்குப் பிடித்த பொங்கலையே, அவனுக்குப் பிடித்த மணத்தோடு, கொஞ்சம் இலகுவாக ஆக்கித் தந்திருக்க வேண்டும். மனிதன் மருந்துக்காகவோ தண்டனையாகவோ ரொம்ப நாள் சாப்பிட மாட்டான். ருசிக்காகவும் மரியாதைக்காகவும் சாப்பிடுவான். இட்லி உளுந்திலிருந்து அரிசிக்கு மாறியபோது யாரும் தாள் எழுதிக் கொடுத்து மாற்றவில்லை. நன்றாக இருந்ததால் மாறியது.

எனக்கும் ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு. எங்கள் வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். பெருமை முழுக்க என் மனைவிக்கு. முதல் மாதம் பாதி தோல்வி. சாமைப் பொங்கல் பசை மாதிரி வந்தது. "ஏங்க, இதை வச்சுப் போஸ்டர் ஒட்டலாம்" என்று அவரே சொன்னார். இப்போது பேரன் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

பொங்கல்: ஒரு டம்ளர் குதிரைவாலிக்கு முக்கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர். பருப்பை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாராளம். நெய்யைக் குழம்புக் கரண்டியால் ஊற்றியது போய், இரண்டு தேக்கரண்டியோடு நிற்கிறது. அதையும் கடைசியில் மேலே ஊற்றினால் மணம் முழுதாக நிற்கும். அன்று இருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் பருப்பு கூடியதும் அளவு குறைந்ததும்தான். சட்னியைக் குறைத்துக் காய் நிறையப் போட்ட கொத்சு வைத்துக்கொள்கிறோம்.

இட்லி: நாலு பங்கு புழுங்கலரிசிக்குப் பதில் இரண்டு பங்கு அரிசி, இரண்டு பங்கு சாமை, ஒன்றேகால் பங்கு தொலி உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். தொலியோடு அரைப்பதால் நிறம் கொஞ்சம் மங்கும். ருசி குறையாது. ஆறு இட்லி தின்ற நான் மூன்றோடு எழுந்துவிடுகிறேன். சாம்பார் ஒரு கிண்ணம் கூடுதல்.

தயிர் சாதம்: பாதி சோறு, பாதி துருவிய கேரட்டும் வெள்ளரியும். ஏடெடுத்த தயிர். தாளிப்பில் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய். கோடையில் சோற்றுக்குப் பதில் முந்தின நாள் ஆக்கிய கம்பஞ்சோறு, மோர், சின்ன வெங்காயம். இதைக் குடிக்கும்போது மட்டும் நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்துதான் குடிக்கிறேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும்.

பரோட்டா: இதை ஒழிக்க என்னால் ஆகாது. விருதுநகர்ப் பக்கத்துக்காரன் பரோட்டாவை விட்டேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கடையில் ஒன்று. வீட்டில் ஆசை வந்தால் கோதுமைச் சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டு, முட்டை, வெங்காயம், முட்டைக்கோஸ் சேர்த்துக் கொத்து. சால்னாவில் தேங்காயைப் பாதியாக்கி, பாக்கிக்குப் பொட்டுக்கடலை அரைத்து விடுகிறோம். கண்ணை மூடிச் சாப்பிட்டால் பேருந்து நிலையம் தெரிகிறது.

சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை. பண்டிகை அன்று, அதே வெல்லம், அதே நெய், ஒரு சின்னக் கிண்ணம். பண்டிகையைப் பண்டிகைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

சில எச்சரிக்கைகள். சிறுதானியம் என்று பெயர் இருந்தாலே சர்க்கரை ஏறாது என்று நினைக்காதீர்கள். அதுவும் மாவுச்சத்துதான். தட்டு நிறையக் குவித்தால் அதுவும் ஏற்றும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததும் கடைகளில் பளபள பாக்கெட்டுகள் வந்துவிட்டன. பலவற்றில் தவிட்டை முழுக்கத் தீட்டிவிடுகிறார்கள். அரிசிக்கு நூறு வருடம் முன்னால் நடந்தது இன்று குதிரைவாலிக்கு நடக்கிறது. வெள்ளை வெளேரென்று இல்லாமல் கொஞ்சம் மங்கலாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அரிசியை ஏழு தண்ணீர் கழுவாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள். யாரும் என் பதிவைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதைச் செய்தவன் கதையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

போன வாரம் பேசிய அந்த மாணவன் நேற்று ஒரு படம் அனுப்பினான். குதிரைவாலிப் பொங்கல், கொத்சு. கீழே ஒரு வரி: "சார், அம்மா சொன்னாங்க, எங்க பாட்டி இதைத்தான் ஆக்குவாங்களாம். எனக்கு இதுவரைக்கும் தெரியாது."

தெரியாதுதான். அவன் பாட்டியும் முறத்தால் மூடியிருப்பார்.

வழக்கம்போல வீட்டுப்பாடம். ஒன்று, நாற்பது தாண்டியவர்கள் இந்த மாதத்துக்குள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட வேண்டும். சாக்கு சொல்லக் கூடாது. இரண்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று உட்கார்ந்து கேளுங்கள். முதலில் "கிடைத்ததைத் தின்னோம்" என்று நழுவுவார்கள். விடாதீர்கள். எந்தத் தானியம், எப்படிக் குத்தினார்கள், எதைத் தொட்டுக்கொண்டார்கள் என்று எழுதி வையுங்கள். கல்வெட்டில் சாமியின் சாப்பாடு இருக்கிறது. நம் அம்மாக்கள் ஆக்கியது எங்கேயும் எழுதப்படவில்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதியதைக் கீழே போடுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், அதில் மாற்றம் இல்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்